பந்தைத் தொடாத ஐவர்: ஓர் அரண் இடிந்ததும் எழுந்ததும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டு பற்றியோ சமண நூல் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். இந்தத் தடவை அமெரிக்கக் கால்பந்தை எடுத்துக்கொண்டேன். 'என்ன நயினாரே, உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நம் சங்கத்தில் பாதிக் குடும்பங்களுக்கு மேல் ஒரு பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில். பேரப்பிள்ளைகள் அங்கிருந்து வந்தால், பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை. 'சூப்பர் பௌல்' என்னும் இறுதி ஆட்டம். பெரியவர்கள் நாம் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்றே தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். சொல்லப்போனால், இது மோதி விழுகிற ஆட்டம். எறும்புக்கும் இரங்கச் சொல்லி வளர்க்கப்பட்ட எனக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. என் பேரன்தான் ஒருநாள், 'தாத்தா, பந்தைப் பாக்காதீங்க. முன்னாடி குனிஞ்சு நிக்கிற அந்த அஞ்சு பேரைப் பாருங்க' என்றான். அன்றிலிருந்து ஆட்டம் வேறாகத் தெரிந்தது. அடிக்கிறவர்களுக்கு நடுவில், ஒருவனை அடிபடாமல் காப்பதே வேலையாகக் கொண்ட ஐந்து பேர்! அந்த ஐவரைப் பற்றியும், கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் என்ற அணி 2021-இல் ஐவரையும் மாற்றித் தன் அரணைப் புதிதாகக் கட்டியதைப் பற்றியும் சொல்வதே இக்கட்டுரை.

ஐவர் யார்?

பெயர்தான் கால்பந்து, ஆட்டம் பெரும்பாலும் கையால். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். கோட்டிலிருந்து கோடு வரை மைதானம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை வாங்கி எறிபவர் 'குவார்ட்டர்பேக்'. பெயரும் புகழும் பெரும்பாலும் அவருக்கே.

அவருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் ஐவரை 'ஆஃபென்ஸிவ் லைன்' என்கிறார்கள். நடுவில் 'சென்டர்', அவருக்கு இரு பக்கமும் 'கார்டு', இரு ஓரங்களிலும் 'டேக்கிள்'. சென்டர் மட்டும் ஒவ்வொரு ஆட்டத் துணுக்கின் தொடக்கத்திலும் காலிடுக்கு வழியாகப் பந்தைப் பின்னே கொடுப்பார். மற்ற நால்வரும் ஒரு முழு ஆட்டத்திலும் பந்தைத் தொடாமலேயே வீடு திரும்பலாம். முன்னே எறியும் பந்தைப் பிடிக்கவும் சாதாரணமாக இவர்களுக்கு விதி இடம் தருவதில்லை. ஆளுக்கு 140 கிலோ, அதற்கும் மேல். இவர்கள் வேலை ஒன்றுதான்: பாய்ந்து வரும் எதிரணியாரை ஒரு மூன்று விநாடி தடுத்து நிறுத்துவது. அந்த மூன்று விநாடி கிடைத்தால் குவார்ட்டர்பேக் அரசன், கிடைக்காவிட்டால் தரையில்.

திருக்குறளில் அரணுக்கென்று தனி அதிகாரமே உண்டு. ஆகவே இந்த வரிசையை நான் அரண் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்த அரணுக்கு விசித்திரமான ஒரு குணம். நன்றாக இருக்கும்வரை யார் கண்ணிலும் படாது. எந்தப் பத்திரிகையும் 'இன்று ஐவரும் நன்றாக நின்றார்கள்' என்று தலைப்புப் போடாது. உடைந்த அன்றுதான் எல்லோரும் பெயர் சொல்லித் திட்டுவார்கள். வீட்டில் சமையல் செய்பவர் நிலைமைதான், வேறென்ன.

இடிந்த கதை

2021 பிப்ரவரி 7. டாம்பா நகரில் இறுதி ஆட்டம். சீஃப்ஸ் முந்தைய ஆண்டின் சாம்பியன். அதன் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்கு 2020-இல்தான் பத்தாண்டு நீட்டிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். மதிப்பு 45 கோடி டாலருக்கும் மேல். எதிரில் டாம்பா பே பக்கனீர்ஸ். முடிவு: பக்கனீர்ஸ் 31, சீஃப்ஸ் 9.

அன்று மஹோம்ஸ் 29 முறை நெருக்கடிக்கு ஆளானார். சூப்பர் பௌல் வரலாற்றில் அதுவரை யாருக்கும் அப்படி ஆனதில்லை என்று கணக்கெடுத்தார்கள். பந்தை எறிவதற்கு முன் தப்பி ஓடிய தூரத்தை எல்லாம் கூட்டினால் 497 கெஜம்! கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர். முன்னேறுவதற்காக ஓடியதல்ல, உயிர் பிழைக்க ஓடியது என்று சொல்லலாம். பக்கனீர்ஸ் கூட்டமாகப் பாயவும் இல்லை. பெரும்பாலும் நான்கே பேரை அனுப்பினார்கள். ஐந்து பேரால் நான்கு பேரைத் தடுக்க முடியவில்லை.

ஏன்? இங்கேதான் கவனிக்க வேண்டும். 2020 செப்டம்பரில் பருவம் தொடங்கியபோது இடமிருந்து வலமாக நின்றவர்கள்: எரிக் ஃபிஷர், கெலெச்சி ஒசெமெலே, ஆஸ்டின் ரைட்டர், ஆண்ட்ரூ வைலி, மிட்செல் ஷ்வார்ட்ஸ். ஐந்தாம் வாரத்தில் ஒசெமெலே முழங்கால் அடிபட்டு விலகினார். ஆறாம் வாரத்தில் ஷ்வார்ட்ஸுக்கு முதுகு. இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில், ஜனவரி 24 அன்று, ஃபிஷருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. அதற்கும் முன்னால், 2020 ஜூலையிலேயே, வலது கார்டு லோரான் டுவெர்னே-டார்டிஃப் ஆடப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். அவர் கனடாவில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். கொரோனா காலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பணி செய்யப் போனார்.

ஃபிஷர் விழுந்ததும் அணி என்ன செய்தது? வலப்பக்கம் நின்ற மைக் ரெம்மர்ஸை இடப்பக்கம் கொண்டுபோனார்கள். கார்டாக இருந்த வைலியை ஓரத்துக்கு, வலது டேக்கிளாகத் தள்ளினார்கள். அவர் விட்ட இடத்தில் ஸ்டீஃபன் விஸ்னியூஸ்கியை நிறுத்தினார்கள். விழுந்தவர் ஒருவர், இடம் கலைந்தது மூன்று. செப்டம்பரில் நின்ற இடத்திலேயே பிப்ரவரியிலும் நின்றவர் சென்டர் ரைட்டர் ஒருவர்தான்.

வியாபாரிகளுக்கு இது புரியும். ஒரு சமயம் என் கடையில் கணக்குப்பிள்ளை திடீரென்று நின்றுவிட்டார். கல்லாவில் இருந்த கெட்டிக்காரப் பையனைக் கணக்குக்கு மாற்றினேன். சரக்கு எடுத்துக் கொடுப்பவரைக் கல்லாவில் உட்கார வைத்தேன். மூன்று மாதத்தில் கணக்கும் தப்பு, கல்லாவும் தப்பு, சரக்கும் தப்பு. மூவரும் நல்லவர்கள், மூவரும் உழைப்பாளிகள். தப்பு என்னுடையது. ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு இடத்துக் கல்லைப் பிடுங்கினால் ஓட்டை இரண்டாகும்.

சந்தையும் உச்சவரம்பும்

அமெரிக்காவில் 32 அணிகள். ஆள் சேர்க்க முக்கியமான வழிகள் மூன்று. ஒன்று 'டிராஃப்ட்': கல்லூரி முடித்து வரும் இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது. ஏழு சுற்று. முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. இரண்டு, அணிகளுக்குள் பண்டமாற்று: ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்குப் பதிலாக டிராஃப்டில் தேர்வு செய்யும் உரிமை. மூன்று, 'ஃப்ரீ ஏஜென்சி': ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தமக்கு வேண்டிய விலை சொல்லி, வேண்டிய அணியில் சேரும் திறந்த சந்தை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் கூடும்.

இந்தச் சந்தை அந்தக் காலத்திலிருந்தே இருந்ததல்ல. முன்பெல்லாம் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் நடைமுறையில் பழைய அணிக்கே கட்டுப்பட்டவர். நீதிமன்றத்தில் போராடி, 1993-இல்தான் இந்த உரிமையை முழுமையாகப் பெற்றார்கள். அதற்கு ஈடாக முதலாளிகள் ஒரு கடிவாளம் கேட்டார்கள். அதுதான் 'சாலரி கேப்', அதாவது சம்பள உச்சவரம்பு. எந்த அணியும் ஓர் ஆண்டில் இதற்கு மேல் சம்பளக் கணக்கு வைக்கக் கூடாது என்ற எல்லை. 1994-இல் தொடங்கியபோது அது 3 கோடியே 46 லட்சம் டாலர். 2020-இல் 19 கோடியே 82 லட்சம். 2021-இல் கொரோனாவால் கூட்டம் இல்லை, வருமானம் இல்லை. 18 கோடியே 25 லட்சமாக இறக்கிவிட்டார்கள்.

இந்த உச்சவரம்பில் ஒரு நெளிவு சுளிவு உண்டு. கையெழுத்துப் போடும்போதே கொடுக்கும் முன்பணத்தை, கணக்கில் ஐந்து ஆண்டு வரை பிரித்து எழுதலாம். பணம் இன்றே போய்விடும். கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நம் ஊரில் தவணைக்குச் சரக்கு எடுக்கிற மாதிரி. இன்று சுகமாக இருக்கும். ஆனால் பிற்பாடு அந்த ஆள் இல்லாவிட்டாலும் பற்று நம் பேரில்தான் நிற்கும். ஆகையால், பணக்கார அணி எல்லோரையும் வாங்கிவிடும் என்பது அங்கே நடக்காது. ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும்.

ஐவர் வந்த ஐந்து வழி

2021 மார்ச் 11. சீஃப்ஸ் அணி ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் இருவரையும் ஒரே நாளில் விடுவித்தது. சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர் உச்சவரம்புக் கணக்கில் மிச்சம். அணி நிர்வாகி பிரெட் வீச், தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட். ரீட் தாமே கல்லூரி நாளில் இந்த அரணில் நின்றவர். அரணுக்கென்று தனிப் பயிற்சியாளர் ஆண்டி ஹெக். அவரும் பன்னிரண்டு பருவம் இதே வேலை பார்த்தவர். இவர்கள் ஐந்து இடத்துக்கும் ஒரே கடையில் சரக்கு எடுக்கவில்லை. அதுதான் இந்தக் கதையின் அழகு.

முதல் ஆள், சந்தையில் விலை கொடுத்து: ஜோ தூனி, இடது கார்டு. ஐந்து ஆண்டுக்கு 8 கோடி டாலர். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் ஐந்து பருவம் ஆடியவர். அந்த ஐந்திலும் ஓர் ஆட்டம்கூடத் தவறவிட்டதில்லை. காயங்களால் இடிந்த அரணைக் கட்டுகிறவர்கள் முதலில் வாங்கியது, நாள் தவறாமல் வேலைக்கு வருகிறவரை.

சந்தையில் எல்லாம் கைகூடிவிடவில்லை. இடது டேக்கிள் ட்ரெண்ட் வில்லியம்ஸுக்கும் சீஃப்ஸ் முயன்றார்கள். அவர் ஆறு ஆண்டு, சுமார் 13 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் பழைய சான்ஃபிரான்சிஸ்கோ அணியிலேயே தங்கிவிட்டார். ஓய்விலிருந்து திரும்பிய கைல் லாங் என்ற கார்டைச் சேர்த்தார்கள். அவர் பருவம் தொடங்கும் முன்பே காலில் அடிபட்டு, ஓர் ஆட்டமும் ஆடவில்லை. கொள்முதல் என்றால் இரண்டு உருப்படி கழிவு போகத்தான் செய்யும்.

இரண்டாம் ஆள், பண்டமாற்றில்: ஆர்லாண்டோ பிரவுன், இடது டேக்கிள். ஆறடி எட்டு அங்குலம். பால்டிமோர் ரேவன்ஸ் அணியில் வலப்பக்கம் ஆடிக்கொண்டிருந்தவர். இடப்பக்கத்துக்காரர் அடிபட்டபோது அங்கே மாறி நன்றாக ஆடினார். அதன்பின் இடப்பக்கம்தான் வேண்டும் என்றார். அவருடைய தந்தையும் அதே ரேவன்ஸில் டேக்கிளாக ஆடி, 2011-இல் காலமானவர். மகனை இடது டேக்கிளாகப் பார்க்க ஆசைப்பட்டவர். ரேவன்ஸிடம் இடப்பக்கத்துக்கு வேறு ஆள் இருந்தார். ஒருவரிடம் கூடுதலாகக் கிடப்பது இன்னொருவருக்குத் தேவை. வியாபாரம் பிறப்பதே அங்கேதான். ஏப்ரல் 23 அன்று சீஃப்ஸ், அந்த ஆண்டின் முதல், மூன்றாம், நான்காம் சுற்று உரிமைகளையும், அடுத்த ஆண்டின் ஐந்தாம் சுற்று உரிமையையும் கொடுத்தது. பிரவுனும், அந்த ஆண்டின் இரண்டாம் சுற்று உரிமை ஒன்றும், அடுத்த ஆண்டின் ஆறாம் சுற்று உரிமை ஒன்றும் வந்தன.

மூன்றாம் ஆள், டிராஃப்டில் முன்வரிசையில்: க்ரீட் ஹம்ஃப்ரி, சென்டர். இரண்டாம் சுற்று, 63-ஆவது தேர்வு. ஓக்லஹோமா பல்கலைக்கழகம். மல்யுத்தம் பழகியவர், இடது கையால் பந்தைக் கொடுப்பவர். சென்டருக்கு உடம்பு மட்டும் போதாது. எதிரே நிற்பவர்களைப் பார்த்து, 'யார் யாரைப் பிடிப்பது' என்று மற்ற நால்வருக்கும் சொல்கிற பொறுப்பு பெரும்பாலும் அவருடையது.

நான்காம் ஆள், டிராஃப்டில் கடைவரிசையில்: ட்ரே ஸ்மித், வலது கார்டு. ஆறாம் சுற்று, 226-ஆவது தேர்வு. டென்னஸி பல்கலைக்கழகத்தில் பெயரெடுத்தவர். நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தது தெரிந்ததால் மற்ற அணிகள் தயங்கி ஒதுங்கின. சீஃப்ஸ் எடுத்தது. நான்கு ஆண்டுக்கு 40 லட்சம் டாலருக்கும் குறைவான சம்பளம். இவரும் ஹம்ஃப்ரியும் முதல் பருவத்தின் 17 ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே களமிறங்கினார்கள்.

ஐந்தாம் ஆள், சொந்தக் கிடங்கிலிருந்து: லூகாஸ் நியாங், வலது டேக்கிள். 2020-இலேயே மூன்றாம் சுற்றில் எடுத்து வைத்திருந்தவர். கொரோனாவால் அந்தப் பருவம் ஆடாமல் இருந்தார்.

சந்தை, பண்டமாற்று, முன்வரிசை, கடைவரிசை, கையிருப்பு. விலை உயர்ந்ததையே ஐந்து இடத்துக்கும் வாங்கியிருந்தால் உச்சவரம்பு இடித்திருக்கும். மலிவாகவே ஐந்தும் வாங்கியிருந்தால் மஹோம்ஸ் மறுபடி அரை கிலோமீட்டர் ஓடியிருப்பார். இதையெல்லாம்விட முக்கியம், ஐவரையும் அவரவர் இடத்திலேயே நிறுத்தினார்கள். கார்டு கார்டாக, டேக்கிள் டேக்கிளாக.

ஐவர் ஒருவராவது

ஆள் வந்துவிட்டால் அரண் வந்துவிடுமா? இல்லை. எதிரணியார் நேராக மட்டும் வருவதில்லை. இருவர் ஒருவரை ஒருவர் குறுக்கே கடந்து, இடம் மாற்றிப் பாய்வார்கள். அப்போது கார்டு தன் ஆளை டேக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, டேக்கிளின் ஆளைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அரை விநாடி பிந்தினாலும், இருவரும் ஒரே ஆளைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் உள்ளே புகுந்துவிடுவான். மைதானத்தில் பல்லாயிரம் பேர் போடும் கூச்சலில் வாயால் சொல்லி மாளாது. பக்கத்தில் இருப்பவன் என்ன செய்வான் என்று உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். அது பழக்கத்தில் வருவது. அதை எந்தச் சந்தையிலும் விற்பதில்லை.

ஆகவே 2021-இல் தொடக்கம் சுமார்தான். முதல் ஏழு ஆட்டத்தில் வெற்றி மூன்று, தோல்வி நான்கு. 'இதுக்கா இவ்வளவு செலவு?' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பொறுத்தார்கள். பருவ முடிவில் வெற்றி 12, தோல்வி 5. ஆனாலும் 2022 ஜனவரி 30-இல் சின்சினாட்டி பெங்கால்ஸிடம், கூடுதல் நேரத்தில் 24–27 என்று தோற்று, இறுதி ஆட்டத்துக்கு முந்தைய படியிலேயே நின்றுவிட்டார்கள்.

அடுத்த பருவம் பலன் தந்தது. 2023 பிப்ரவரி 12, இறுதி ஆட்டம், எதிரில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கைக் கோட்டுக்குப் பின்னால் வீழ்த்துவதை 'சாக்' என்பார்கள். ஈகிள்ஸ் அந்தப் பருவத்தில் 70 முறை அப்படி வீழ்த்தியிருந்தார்கள். மஹோம்ஸுக்கோ கணுக்காலில் சுளுக்கு. ஓடித் தப்பவும் முடியாது. அன்று ஈகிள்ஸ் வீழ்த்தியது எத்தனை முறை? ஒரு முறைகூட இல்லை. சீஃப்ஸ் 38, ஈகிள்ஸ் 35.

இதில் இன்னொன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அன்று வலது டேக்கிளாக நின்றவர் யார் தெரியுமா? அதே ஆண்ட்ரூ வைலி! 2021 தோல்வியில் அதே ஓரத்தில் நின்று ஏச்சு வாங்கியவர். இடையில் அந்த இடத்திலேயே பழகி, தமக்குப் பக்கத்தில் உறுதியான ஆள் நின்றதும், அவரும் உறுதியானார். 2024 பிப்ரவரி இறுதி ஆட்டத்தில் தூனி மார்புத் தசைக் காயத்தால் ஆடவில்லை. அவரிடத்தில் நிக் அலெக்ரெட்டி இறங்கினார். அவரும் 2021 தோல்வியில் நின்றவரே. ஆட்டத்தின் நடுவே முழங்கையின் தசைநார் கிழிந்தும் வெளியே வராமல் ஆடி முடித்தார். சீஃப்ஸ் 25, சான்ஃபிரான்சிஸ்கோ 22. ஆக, 2021-இல் தோற்றது ஆட்கள் அல்ல. அவர்களை நிறுத்திய முறை.

கணக்கின் மறுபக்கம்

லாபக் கணக்கை எழுதிவிட்டு நஷ்டக் கணக்கை மறைத்தால் அது நேர்மை ஆகாது. ஃபிஷர் 2013 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வானவர். எட்டுப் பருவம் அந்த அணிக்கே உழைத்தவர். ஷ்வார்ட்ஸ் 2012-இல் ஆட வந்த நாளிலிருந்து 2019 வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டத் துணுக்குகளில் ஒன்றைக்கூட விடாமல் நின்றவர். இருவரும் 2020 பிப்ரவரியில் சாம்பியன் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்கள். பதின்மூன்று மாதம் கழித்து ஒரே நாளில் கணக்கு முடிந்தது. கை நிறையச் சம்பளம் வாங்கினார்கள், ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் நடந்தது, அதெல்லாம் சரி. ஆனாலும் உடம்பு பழுதானதும் சரக்குப் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படுவதைப் பார்க்கும்போது, அறுபது கடந்த எனக்கு நெஞ்சில் ஏதோ தைக்கத்தான் செய்கிறது.

முதியோரைப் பார்க்கப் போன டாக்டர் டுவெர்னே-டார்டிஃப் 2021-இல் திரும்பி வந்தார். அவரிடத்தில் ட்ரே ஸ்மித் நின்றுகொண்டிருந்தார். அந்த நவம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். ஆட்டத்தில் நன்றி என்ற பத்திக்குத் தனி இடம் இல்லை. அதை நாம் பார்வையாளர்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

மறுபடியும் அதே பிழை

அரண் ஒருமுறை கட்டினால் தீர்ந்துபோகும் காரியம் அல்ல. 2023-இல் பிரவுன் சந்தைக்குப் போய்ச் சின்சினாட்டியில் சேர்ந்தார். ஜவான் டெய்லர் என்பவரை நான்கு ஆண்டு, 8 கோடி டாலருக்கு எடுத்தார்கள். அவரை இடப்பக்கம் நிறுத்துவதாக முதலில் பேச்சு. பிறகு இடப்பக்கத்துக்கு வேறொருவரைச் சேர்த்து, டெய்லரை அவருக்குப் பழகிய வலப்பக்கத்திலேயே விட்டார்கள். அந்தப் பருவம்தான் மேலே சொன்ன 25–22 வெற்றி.

2024-இல் இடது டேக்கிள் இடம் நிலைகொள்ளவில்லை. ஒருவர் மாற்றி ஒருவராக மூவரை நிறுத்திப் பார்த்து, டிசம்பரில் நான்காவதாகத் தூனியைக் கார்டு இடத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினார்கள். அணியிலேயே மிக நம்பகமான கல் அது. அதைப் பிடுங்கி இன்னோர் ஓட்டையில் வைத்தார்கள். சில வாரம் தாங்கியது. 2025 பிப்ரவரி 9 இறுதி ஆட்டத்தில் ஈகிள்ஸ் மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தியது. ஈகிள்ஸ் 40, சீஃப்ஸ் 22. நான்கு ஆண்டுக்கு முன் டாம்பாவில் கற்ற பாடம், அதே எழுத்தில் மறுபடி எழுதப்பட்டது.

அடுத்த மாதமே தூனியைச் சிகாகோ பேர்ஸ் அணிக்கு, 2026-இன் நான்காம் சுற்று உரிமை ஒன்றுக்கு மாற்றினார்கள். ஜேலன் மூர் என்ற டேக்கிளை இரண்டு ஆண்டு, 3 கோடி டாலருக்குச் சந்தையில் எடுத்தார்கள். ஏப்ரல் டிராஃப்டில், முழங்கால் காயத்திலிருந்து தேறிவந்த ஜாஷ் சிம்மன்ஸை முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். ஜூலையில், ஒருகாலத்தில் எல்லோரும் ஒதுக்கிய ட்ரே ஸ்மித்துக்கு நான்கு ஆண்டு, 9 கோடியே 40 லட்சம் டாலர்! அன்றைய தேதியில் கார்டுகளிலேயே ஆண்டுக்கு அதிகச் சம்பளம் அவருக்குத்தான். ஆறாம் சுற்றுச் சரக்கு என்று யாரையும் எடை போடக் கூடாது.

முடிவாக

இந்தக் கதையில் நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். அரண் என்பது ஐந்து நல்ல ஆட்கள் அல்ல. ஐந்து சரியான இடங்கள். விலை கொடுத்து ஆளை வாங்கலாம். பக்கத்து ஆளோடு பழகுவதற்குக் காலம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவசரத்துக்கு நல்ல ஆளை இடம் பெயர்த்தால் அவரையும் கெடுப்போம், அவர் விட்ட இடத்தையும் கெடுப்போம். கடைக்கும் இது பொருந்தும், குடும்பத்துக்கும் பொருந்தும். ஆண்டு விழாவில் மேடை ஏறாமல் பந்தியையும் நாற்காலியையும் பார்த்துக்கொள்ளும் நம் சங்கத்து அன்பர்களுக்கும் பொருந்தும்.

அடுத்த பிப்ரவரியில் பேரப்பிள்ளைகள் விடியற்காலை எழுப்பினால், அலுத்துக்கொள்ளாமல் போய் உட்காருங்கள். பந்து எங்கே போகிறது என்று தேட வேண்டாம். குனிந்து நிற்கும் அந்த ஐவரைப் பாருங்கள். மூன்று விநாடி எண்ணுங்கள். ஐவரும் அசையாமல் நின்றால், 'இப்ப நல்லா எறிவான் பாரு' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேரன் திரும்பிப் பார்ப்பான். எனக்கு அப்படித்தான் நடந்தது.